வீரனார் பெட்டியில் இல்லாத கிண்ணம்

பூவத்தங்குடிக்காரர்களுக்குப் புராணத்தைவிடச் சர்க்கரைப் பொங்கல் முக்கியம். இதைப் படித்துவிட்டு அந்த ஊர்க்காரர்கள் என் கடைக்கு வருவதை நிறுத்திவிடலாம். நிறுத்தட்டும். நீடாமங்கலத்தில் உரக்கடை வைத்து முப்பது வருஷமாகிறது, யூரியாவுக்கு வேறு எங்கே போய்விடுவார்கள்? அவர்கள் பொங்கலுக்கு அவசரப்பட்டதால்தான் ஒரு மனுஷன் பத்தொன்பது வருஷம் திருடன் என்று பேரெடுத்தார். அன்று அந்தப் பொங்கலை நானும் இரண்டு தொன்னை வாங்கித் தின்றேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வெண்ணாற்றுத் தென்கரையில் இருக்கிறது ஊர். அங்கே வீரனார் கோயிலில் சிலை கிடையாது. ஒரு பலாமரப் பெட்டிதான் சாமி. நாலு மூலையிலும் பித்தளைப் பூண் போட்ட பெட்டி, வருஷம் பூராவும் பூட்டியே கிடக்கும். மாசி சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் திறப்பார்கள். திறப்பது என்றால் நாமெல்லாம் எட்டிப் பார்க்கும்படி இல்லை. பெட்டி தூக்கும் வீட்டுக்காரர் கண்ணை மஞ்சள் துணியால் கட்டிக்கொண்டு, வலது கையிலும் துணி சுற்றிக்கொண்டு, மூடியை ஒரு சாண் உயர்த்திக் கையை மட்டும் உள்ளே விட்டுத் தடவுவார். "வாள் இருக்கு, சலங்கை இருக்கு" என்பார். பெண்கள் குலவையிடுவார்கள். பிறகு பெட்டி அவர் தலைக்கு ஏறி வீடு வீடாகப் போகும். தலைமுறை தலைமுறையாக அந்த ஒரு வீட்டுக் கைதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பக்கிரி அந்த வீட்டுக்காரர். அவருக்கு முன்னால் அவர் அப்பா தூக்கினார். அதற்கென்று ஒன்றரை மா நிலம் பெட்டி இனாமாக உண்டு, வாய்க்கால் தலைமாட்டில், தண்ணீர் முதலில் பாயும் மண்.

கோயிலுக்குப் புராணமும் உண்டு. அந்தக் காலத்தில் கும்பகோணத்தில் அச்சடித்த ஒரே ஒரு பிரதி. வருகைச் சருக்கம், பஞ்சச் சருக்கம், நிலைச் சருக்கம் என்று மூன்று பகுதி. பெட்டி திறப்பதற்கு முன்னால் அதைப் படிக்க வேண்டும். ஆனால் வருகைச் சருக்கம் முடிவதற்குள் பொங்கல் வெந்துவிடும். நெய் வாசனை வந்த பிறகு யார் உட்கார்ந்து புராணம் கேட்பார்கள்? 'மிச்சத்தை வீரனாரே படிச்சுக்குவாரு' என்று சொல்லி மூடி வைத்துவிடுவார்கள். அறுபது எழுபது வருஷமாக அந்த ஊர் தன் சாமியின் கதையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கேட்டிருக்கிறது.

2007இல் துரைராசு கோயில் தர்மகர்த்தா ஆனார். பக்கிரிக்குப் பங்காளி, மகன் முறை. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை, எதிலும் கணக்காக இருப்பார். அந்த வருஷம் வருகைச் சருக்கத்தை அவரே படித்தார்.

*வாளும் சலங்கையும் வார்பொற் கிண்ணமும்*
*நாளும் பிரியா நம்பெட்டி யுள்ளே.*

பக்கிரி கையை விட்டுத் தடவி, வழக்கம்போல வாள் இருக்கு, சலங்கை இருக்கு என்றார். "கிண்ணம் எங்க சித்தப்பா?" என்று கேட்டார் துரைராசு.

"நான் தூக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து ரெண்டுதாம்ப்பா இருக்கு."

"புராணத்துல மூணு இருக்கு. ஒங்க வீட்டுக் கையத் தவிர வேற கை உள்ள போனதில்ல. அப்ப கிண்ணம் எங்க?"

பொன் கிண்ணம் என்றதும் ஊருக்குத் தூக்கம் கலைந்தது. சூடத்தை ஏற்றினார்கள். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். பக்கிரி செய்யவில்லை. பெட்டி தூக்குகிறவன் பெட்டிக்கு முன்னால் எந்தச் சத்தியமும் செய்யக் கூடாது என்பது அந்த வீட்டு விரதம். அதைச் சொன்னார். "திருடனுக்குத் தோதான விரதம்" என்றார் துரைராசு. பக்கிரியின் தலையிலிருந்த பரிவட்டத்தை அவிழ்த்து, அடுத்த பங்காளி வீடு என்ற முறையில் துரைராசுவுக்கே கட்டினார்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "சித்தப்பா கிண்ணத்த எடுத்துட்டாரு, வீரனார் மன்னிக்கணும்" என்றார். இனாம் நிலமும் அவர் கைக்குப் போனது. எனக்குத் தொன்னையில் பொங்கல் கொடுத்ததும் அவர்தான்.

அதற்கப்புறம் பக்கிரி வீடு 'கிண்ணத்து வீடு' ஆகிவிட்டது.

பக்கிரியின் மகள் பிரகதாம்பாள். புருஷன் செந்தில்குமார் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறார். அவள்தான் இங்கே குத்தகை நிலம் பார்த்து, மகள் பூர்ணிமாவைப் படிக்கவைத்து, இடுப்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட அப்பாவையும் பார்த்துக்கொள்கிறாள். கோபக்காரி. என் கடையில் டிஏபி மூட்டையைப் புரட்டிப் பார்த்து, "மூட்ட கல்லாட்டம் கெடக்கு, வேற குடுங்கண்ணே" என்று சண்டை போட்டு மாற்றிக்கொண்டு போகும் ஒரே ஆள் அவள்தான்.

ஒருமுறை கடையில் உட்கார்ந்து சொன்னாள். "கல்யாண வீட்டுல ஒரு கரண்டி காணும்னா எல்லாரும் என் பையத்தான் பாக்குறாங்கண்ணே. வாயால கேக்க மாட்டாங்க, கண்ணால பாப்பாங்க. பூர்ணிமாவப் பொண்ணு பாக்க வந்தவன் காபிய குடிச்சிட்டு, டம்ளர எண்ணி வச்சிக்கங்கன்னு சிரிக்கிறான். அவன் நல்லாவா இருப்பான்?"

"பெரியவரு என்ன சொல்றாரு?"

"அவரு என்ன சொல்வாரு? விடும்மா, விடும்மாங்குறாரு. எனக்கு அந்த வார்த்தையக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. துரைராசு செத்தா நான் போயி ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவேங்குறீங்களா? பட்டுப் பொடவ கட்டிக்கிட்டுப் போயி நிப்பேன்."

துரைராசு அவளுக்கு அண்ணன் முறை. அந்த நாளிலிருந்து அவரை அண்ணன் என்று அவள் சொன்னதில்லை.

போன தை மாதம் பில் புத்தகம் அடிக்கக் கூத்தாநல்லூரில் ஹாஜா மைதீன் அச்சகத்துக்குப் போயிருந்தேன். பூர்ணிமாவுக்கு அங்கே கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் வேலை. என்னைப் பார்த்ததும் எழுந்திருப்பவள், அன்று எழுந்திருக்கவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"மாமா, இதப் பாருங்களேன்."

பழுப்பேறிய பழைய புத்தகம். பூவத்தங்குடி வீரனார் புராணம். கோயில் திருப்பணி முடிந்ததை முன்னிட்டுப் புதுசாக அச்சடிக்கத் துரைராசு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அது யார் கைக்குப் போகும் என்று அவர் யோசிக்கவில்லை. நிலைச் சருக்கத்தின் முதல் பாட்டை விரலால் காட்டினாள்.

*வாளும் சலங்கையும் வைத்ததே அல்லால்*
*வேறொரு பொருளும் பெட்டியில் இல்லை.*

அதன்மேல் சிவப்பு மையில் குறுக்குக் கோடு. பக்கத்தில், 'இதை எடுத்துவிடவும். முதல் சருக்கத்துக்கு முரண்' என்று போன வாரத் தேதியோடு எழுதியிருந்தது. அது போகட்டும். ஓரத்தில் மங்கிப்போன நீல மையில், அதே கையெழுத்தில், 'இரண்டுதான்! 10.2.2007' என்று இருந்தது. வருகைச் சருக்கத்தைத் திருப்பினாள். அங்கே 'கிண்ணம்?' என்று அதே நீல மை, அதே தேதி. அந்த வருஷத்துச் சிவராத்திரிக்கு ஆறு நாள் முன்னால்.

துரைராசு சங்கத்து எழுத்தர் அல்லவா, தேதி போடாமல் ஒரு வரி எழுத மாட்டார். இரண்டு பாட்டையும் ஒரே நாளில் படித்துவிட்டு, ஒன்றை மறைத்து இன்னொன்றை எடுத்துக்கொண்டு வந்து அந்த மனுஷனைச் சாய்த்திருக்கிறான். நான் அவன் கையால் வாங்கித் தின்றிருக்கிறேன்.

"தாத்தா எடுக்கலன்னு தெரியும் மாமா. ஆனா இத வச்சு என்ன பண்றது? மொத சருக்கத்துல மூணுன்னு இருக்கே. புராணமே முன்னுக்குப் பின் பேசுதுன்னு சொல்லி அவரு தப்பிச்சிக்குவாரு."

ஹாஜா மைதீன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். நிதானமான மனுஷர். இரண்டு பாட்டையும் வாய்விட்டுப் படித்தார்.

"முரண்னு ஏம்மா சொல்ற? எங்க வேதத்துலயும் ரெண்டு வசனம் ஒண்ணுக்கொண்ணு மாறா இருக்குற மாதிரி தெரியும். ஆலிம்சாகிட்ட போனா, எது எப்ப எறங்குச்சுன்னு மொதல்ல பாருப்பாம்பாரு. இது வர்றப்ப சொன்னது. அது வந்து நெலச்சப்புறம் சொன்னது. நடுவுல என்னமோ நடந்திருக்கணுமில்ல? நடுச் சருக்கத்த அடிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல பாய்."

மூன்று பேரும் குனிந்து பஞ்சச் சருக்கத்தைப் படித்தோம். மழை பொய்த்துப்போகிறது. விதைக்கு ஒரு மணி நெல் இல்லை. வீரனார் கிழக்கே நாகூர்த் துறைக்கு நடக்கிறார்.

*கிண்ணம் கொடுத்தான் கீழைத் துறையிலே*
*அண்ணல் கொணர்ந்தான் அருவிதை நெல்லே.*

அவ்வளவுதான் விஷயம். கிளம்பும்போது மூன்று, வந்து சேர்ந்தபோது இரண்டு. பொன் கிண்ணத்தைக் கப்பல்காரனிடம் கொடுத்து ஊருக்கு விதைநெல் வாங்கியிருக்கிறார் சாமி. ஊர் அந்த நெல்லைத் தின்றுவிட்டுத்தான் பக்கிரியைக் கிண்ணம் எங்கே என்று கேட்டிருக்கிறது. பூர்ணிமா மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள்.

"அழுவாத. கோடு போட்டத எடுக்கணுமான்னுதானே யோசிக்கிற? சாமி பொஸ்தகத்துலேருந்து ஒரு வரிய உருவுற கை என் பிரஸ்ஸுல கெடையாது. முழுசா அடி. புரூஃப் அனுப்புவோம். 'மூலத்தில் உள்ளபடி'ன்னு மேல எழுதியே அனுப்புவோம். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடட்டும்."

புரூஃப் நாலாம் நாள் திரும்பி வந்தது. எல்லாப் பக்கத்திலும் துரைராசு தேதி போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். ஒரே ஒரு திருத்தம்தான் சொல்லியிருந்தார். முன்பக்கத்தில் தன் படம் சின்னதாக இருக்கிறது, பரிவட்டம் தெரியும்படி பெரிசாகப் போடவும்.

பிரகதாம்பாளைப் பார்க்கப் போனேன். உளுந்து வயலில் மருந்தடித்துக்கொண்டிருந்தாள். பூவும் பிஞ்சுமாய் வயல் நன்றாக வந்திருந்தது. டேங்கை முதுகிலிருந்து இறக்கிவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். பழைய சோறும் சுட்ட கருவாடும் தூக்கில் இருந்தது, எனக்கும் ஒரு கை வைத்துக் கொடுத்தாள்.

"இப்பவே போயி நாலு பேர்கிட்ட காட்டிடலாம் தங்கச்சி. விஷயம் முடிஞ்சிடும்" என்றேன்.

"எதுக்கு? நாலு பேரு அவன் வீட்டுக்குள்ள உக்காந்து காபி குடிச்சிட்டு, ஏதோ தெரியாம நடந்துபோச்சுன்னு முடிச்சு வைக்கிறதுக்கா? எங்கப்பாவ எங்க நிக்கவச்சு அசிங்கப்படுத்துனான்? அங்கதான்ணே. அதே மைக்குல, அதே சனத்துக்கு முன்னாடி. அவன் வாயாலயே வரணும். அதுவரைக்கும் நீங்க மூச்சு விடக்கூடாது."

நான் மூச்சு விடவில்லை. பயந்தல்ல. எனக்கும் ஆசையாக இருந்தது.

வீட்டுக்குப் போனபோது பக்கிரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயம் அவருக்குச் சொல்லியாகிவிட்டது. "வீரனாரு நம்ம ஊருக்கு வெதநெல்லு வாங்குனாராம் தெரியுமா?" என்று மட்டும் என்னிடம் சொன்னார். துரைராசு பேச்சை எடுக்கவே இல்லை. இவ்வளவு நல்ல மனுஷனுக்கு இப்படி ஒரு மகளா என்று நினைத்துக்கொண்டேன்.

சிவராத்திரிக்கு மறுநாள் காலை. பந்தலுக்குள்ளேயே வெயில் ஏறியிருந்தது. மேடைமேல் பெட்டி. பக்கத்தில் பரிவட்டம் கட்டிக்கொண்டு துரைராசு. அறுபத்திரண்டு வயது, சர்க்கரை, லேசான தொந்தி. புதுப் புத்தகத்தை எல்லாருக்கும் அவரே கொடுத்தார். கிண்ணத்து வீட்டுக்குக் கொடுக்கவில்லை. பிரகதாம்பாள் அப்பாவின் நாற்காலியைப் பந்தல் ஓரத்தில் நிறுத்திக்கொண்டு நின்றாள். நிஜமாகவே பட்டுப் புடவை கட்டியிருந்தாள்.

பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டாகப் படித்தார்கள். ஒவ்வொரு சருக்கத்தையும் முதல் மரியாதை வீடு தொடங்கிவைக்க வேண்டும். அதனால் துரைராசுவின் மனைவி சௌந்தரநாயகி ஆரம்பித்தாள். வருகைச் சருக்கம் முடிந்தது. வழக்கம்போல ஜனம் பொங்கல் பானையைப் பார்த்தது. துரைராசு மைக்கை வாங்கினார்.

"புதுப் பொஸ்தகம் போட்டிருக்கு. இந்த வருஷம் முழுசாப் படிச்சுட்டுத்தான் படையல்."

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான். கோடு போட்ட பாட்டு போய்விட்டது என்ற தைரியம் அவருக்கு; நடுச் சருக்கத்தை அவர் ஊன்றிப் படித்ததே இல்லை போலிருக்கிறது.

பஞ்சச் சருக்கத்துக் கிண்ணப் பாட்டை ஒரு பெண் படித்தாள். யாரும் கவனிக்கவில்லை. நிலைச் சருக்கம் வந்தது. மறுபடியும் சௌந்தரநாயகி எழுந்தாள். நல்ல கணீர்க் குரல். "வேறொரு பொருளும் பெட்டியில் இல்லை" என்று ஒலிபெருக்கி வயல்வரைக்கும் சொன்னது. படித்துவிட்டு உட்காரப் போனவள் நின்றுவிட்டாள். புத்தகத்தைத் திரும்பப் பார்த்தாள்.

"அண்ணி, இன்னொரு தடவ படிங்க" என்றாள் பிரகதாம்பாள்.

சௌந்தரநாயகி புருஷனைப் பார்த்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, திரும்பவும் படித்தாள். "அப்ப கிண்ணம்?" என்று வரிசையிலிருந்து ஒரு கிழவி கேட்டாள். "அதுக்கு முந்துன சருக்கத்துல இருக்கு, பாருங்க" என்று சொல்லிப் பூர்ணிமா பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள். பழைய புத்தகத்து இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து ஐம்பது பிரதி கொண்டுவந்திருந்தாள். அதையும் கொடுத்துக்கொண்டே வந்தாள். பந்தலில் காகிதச் சத்தம் மட்டும் கேட்டது.

"அச்சுப்பெழ. பிரஸ்காரன் என்னமோ குளறிட்டான்" என்றார் துரைராசு.

"பத்து ரெண்டு ரெண்டாயிரத்தேழுன்னு போட்டது எந்தப் பிரஸ்காரன்?" பிரகதாம்பாள் மேடைக்கு முன்னால் வந்துவிட்டாள். "ரெண்டுதான்னு நீ எழுதி வச்சுட்டுத்தானே எங்கப்பாவ மூணாவது எங்கன்னு கேட்ட? இல்லன்னா சூடத்த ஏத்தச் சொல்லு. எனக்கு இந்தப் பாட்டு தெரியவே தெரியாதுன்னு அடிச்சு சத்தியம் பண்ணு. நான் இப்பவே உன் கால்ல விழுந்துட்டுப் போறேன்."

யாரோ தட்டில் சூடம் ஏற்றிவிட்டார்கள். துரைராசு அதைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். நெற்றியில் பரிவட்டத்துக்குக் கீழே வியர்வை வழிந்தது.

"பெட்டி தூக்குறவன் சத்தியம் பண்ணக்கூடாது. அது வெரதம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

"இதத்தானேங்க சித்தப்பாவும் அன்னைக்குச் சொன்னாரு?" என்றாள் சௌந்தரநாயகி. மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

சூடம் எரிந்து அடங்கியது. துரைராசு தலையைத் தொங்கப்போட்டார். "தெரியும்" என்றார். "அந்தப் பாட்டு தெரியும்." பிரகதாம்பாள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

ஊர்ப் பெரியவர்கள் எழுந்தார்கள். அவர்களுக்கு எப்போதும் முடித்து வைப்பதில்தான் கண். பரிவட்டத்தை அவிழ்த்துப் பக்கிரிக்கு நீயே கட்டு, இனாம் நிலத்தையும் விட்டுவிடு, ஆச்சு, எல்லாம் சரியாகிவிட்டது என்றார்கள். துரைராசு துணியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு நாற்காலிக்கு வந்தார். பிரகதாம்பாள் குறுக்கே பாய்ந்தாள்.

"அந்தக் கையாலயா? கட்டக்கூடாது. எங்கப்பா தலைய அந்தக் கை தொடக்கூடாது."

"பிரகதா" என்றார் பக்கிரி. "எனக்காகத்தானே வந்த?"

"ஆமாம்ப்பா."

"அப்ப நவுரு."

அவள் விலகினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. பக்கிரி தலையைக் குனிந்து கொடுத்தார். துரைராசு கட்டினார். "இன்னும் இறுக்கிக் கட்டு" என்றார் பக்கிரி. பார்த்துக்கொண்டிருந்த எங்கள் எல்லாருக்கும் நெஞ்சு இளகிவிட்டது. பெரிய மனசு, மன்னித்துவிட்டார் என்று பக்கத்தில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். பொங்கல் பானையை இறக்க இரண்டு பேர் போனார்கள்.

பக்கிரி மஞ்சள் துணியை வாங்கிக் கண்ணைக் கட்டிக்கொண்டார். கையில் துணி சுற்றிக்கொண்டு பெட்டிக்குள் விட்டுத் தடவினார். வெகுநேரம் தடவினார். "வாள் இருக்கு, சலங்கை இருக்கு" என்றார். குலவை எழுந்தது. பெட்டியைத் தன் மடியில் வைக்கச் சொன்னார். வைத்தார்கள். கண்கட்டை அவிழ்த்தார்.

"தொரராசு, வண்டியத் தள்ளு."

"சித்தப்பா?"

"வீடு வீடாப் போவணும்ல. அன்னைக்கு நீ போனியே, நாப்பத்திரெண்டு வாசல். அதே மாதிரி ஒவ்வொரு வாசல்லயும் நிப்பாட்டு. பக்கிரி எடுக்கல, நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லு. அப்பறம் அடுத்த வாசல்."

"நான்தான் இங்க எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கிட்டனே சித்தப்பா. வெயிலு ஏறிட்டுது. எனக்குச் சக்கர வேற..."

"வெயிலு ஏறுனா ஏறட்டும். சாய்ங்காலம் வரைக்கும் ஆனாலும் ஆவட்டும். நாப்பத்திரெண்டும் எனக்குத் தெரியும், நீ ஒண்ண விட்டா நான் சொல்றேன்."

பெரியவர் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெட்டி மடியில் இருந்தபடி பக்கிரி அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் உட்கார்ந்துவிட்டார். பிரகதாம்பாள் வழக்கம்போல நாற்காலியின் பிடியைத் தொட்டாள். "நீ தொடாத. அவன் தள்ளட்டும்" என்றார். அவள் கையை எடுத்துக்கொண்டு, யாரோ புது மனுஷரைப் பார்ப்பதுபோல அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விடும்மா விடும்மா என்று இத்தனை வருஷம் சொன்ன ஆள் வாசல்களை எண்ணிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

கோயிலுக்குக் கிழக்கே முதல் வாசல் துரைராசுவின் வீடு. பெட்டி வரும்போது வீட்டுப் பெண் தட்டோடு வாசலில் நிற்க வேண்டும். சௌந்தரநாயகி முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, தட்டில் சூடத்தை ஏற்றிக்கொண்டு நின்றாள். கப்பி ரோட்டில் நாற்காலிச் சக்கரம் இரண்டு தடவை மாட்டிக்கொண்டது. துரைராசு குனிந்து தூக்கிவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்து, தன் வாசலில் நிறுத்தினார். ஊரே பின்னால் வந்து நின்றது. அவர் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்து, தணிந்த குரலில் சொன்னார். கடைசியில் நின்ற எனக்கே அது கேட்டது.

"கேக்கல" என்றார் பக்கிரி. "திருப்பிச் சொல்லு."